ஆச்சி அவியலும் மூடாத பப்ஸும்: நாஞ்சில் நாட்டில் ஒரு கோடை

வள்ளியூர் தாண்டியதும் ரயில் ஜன்னல் ஓரம் காற்றாலைகள் வரிசை கட்ட ஆரம்பிக்கும். அவற்றுக்குப் பின்னால் மலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முகத்தில் அடித்தால், தூக்கத்திலேயே ‘ஊர் வந்தாச்சு’ என்று எழுந்துவிடுவேன். கடந்த மே மாதமும் அப்படித்தான் எழுந்தேன். ஆனால், இந்த முறை சந்தோஷத்தோடு கூடவே ஒரு கனமும் நெஞ்சில் இருந்தது. பையில் சென்னை திரும்புவதற்கான மூன்று டிக்கெட்டுகள். ஒன்று எனக்கு, ஒன்று 14 வயது மகளுக்கு, மூன்றாவது அம்மாவுக்கு.

அம்மாவுக்கு 74 வயது. சுசீந்திரம் பக்கத்து கிராமத்தில், அப்பா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். ஜனவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால், அந்த ஒரு போன் காலுக்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை. “இனி நீங்க தனியா இருக்க வேண்டாம்மா” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் “செரி, வாறேன்” என்று சொல்ல வைத்திருந்தேன். வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, அவரை அழைத்துப் போவதற்காகத்தான் இந்தப் பயணம்.

மகள் வேறு ஒரு திட்டத்தோடு வந்திருந்தாள். போனில் ஏதோ சமையல் வீடியோ பார்த்துவிட்டு, “ஆச்சி வீட்ல வெஜிடபிள் டார்ட் செய்யப் போறேன்” என்றாள். பஃப் பேஸ்ட்ரியை விரித்து, அதன் மேல் கோடைக்காய்களைப் பரப்பி, ஓவனில் சுட்டெடுக்கும் காரப் பலகாரம். ஐரோப்பாவில் வெயில் காலத்து மதியச் சாப்பாடு.

“ஆச்சி வீட்ல ஓவன் இல்லையே?”

“பாத்துக்கலாம்” என்றாள். அவளுக்கு எல்லாமே ‘பாத்துக்கலாம்’தான்.

வடசேரியில் ஒரு காலை

நாகர்கோவிலில் காய் வாங்க இரண்டு இடங்கள் பிரபலம். மொத்த வியாபாரத்துக்கு அப்டா மார்க்கெட். வீட்டுக்கு வாங்க வடசேரி கனகமூலம் சந்தை. அம்மா எப்போதும் வடசேரி கட்சி. அன்று காலை ஆறரை மணிக்கே ஆட்டோவில் மூவரும் போய் இறங்கிவிட்டோம்.

மே மாத சந்தைக்கு ஒரு தனி வாசனை உண்டு. பச்சை மாங்காயும் பலாப்பழமும் கலந்த வாசனை. சித்திரை விஷுக் கணிக்கு வைக்கிற மஞ்சள் வெள்ளரி இன்னும் குவியலாக இருந்தது. பாம்பு போல நீண்ட புடலங்காய், நாங்கள் ‘தடியங்காய்’ என்று சொல்லும் வெண்பூசணி, சீனியவரைக்காய், சேனை, மரச்சீனிக் கிழங்கு. வாழைத்தார்களைப் பார்த்தால் மகளுக்கு ஆச்சரியம். ஏத்தன், செவ்வாழை, ரசகதலி, பாளையங்கோட்டன், துளுவன் என்று ஆச்சி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். விரல் நீளத்துக்குச் சிறிதாக, தேன் மாதிரி இனிக்கும் மட்டிப் பழத்தில் ஒன்றை உரித்துக் கொடுத்தார். கைக்குழந்தைக்கு முதன்முதலில் கொடுக்கும் பழம் எங்கள் ஊரில் இதுதான். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கத்திரிக்காய்க் கடையில் அம்மா நின்றார். எங்கள் ஊரில் அதற்கு ‘வழுதலங்காய்’ என்றுதான் பெயர்.

“எப்ப வந்திய? மோளும் பேத்தியுமா?” என்றார் கடைக்காரம்மா.

“நேத்து வந்தாங்க. வழுதலங்கா என்ன விலை?”

விலை பேசிக்கொண்டே அம்மாவின் விரல் காய்களைப் புரட்டியது. காம்பு பச்சையாக, முள்ளோடு இருக்க வேண்டும். அழுத்தினால் மெதுவாக உள்ளே போய்த் திரும்ப எழ வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்கு லேசாக இருக்க வேண்டும். கனத்தால் உள்ளே விதை முற்றியிருக்கும். மகள் இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஜனவரியில் விழுந்த அம்மா, அந்த ஈரத் தரையில், கூட்டத்தின் நடுவே, ஒரு கையில் கூடையோடு என்னைவிட வேகமாக நடந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பப்ஸ் நாடு

ஓவனுக்கு வழி கண்டுபிடித்தது அம்மாதான். “நம்ம முக்குல பேக்கரி இருக்குல்லா? அண்ணாச்சிகிட்ட கேட்டுப் பாப்போம்.”

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் பேக்கரிக்கும் உள்ள உறவை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். மாலை நான்கு மணி ஆனால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் வடை, பஜ்ஜி. எங்கள் ஊரில் அதுவும் உண்டு. ஏத்தன்பழ பஜ்ஜிக்கு ஈடு கிடையாது. ஆனால், அதே தட்டில் போட்டிபோடும் இன்னொன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சூடாக உட்கார்ந்திருக்கும் பப்ஸ். வெஜ் பப்ஸ், முட்டை பப்ஸ். ஒரு கடி கடித்தால் சட்டை முழுக்கப் பொருக்கு.

இது கேரளத்தோடு நாங்கள் பகிர்ந்துகொள்ளும் பழக்கம். 1956 நவம்பர் 1 வரைக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தவை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர்தான். எல்லைக்கோடு வந்தது, நாக்கு மாறவில்லை. தேங்காய் எண்ணெய், அவியல், மரச்சீனி, பப்ஸ் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தொடர்கின்றன.

கேரளத்து பேக்கரிக் கதை தலச்சேரியில் தொடங்குகிறது. பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுவந்த மம்பள்ளி பாபு என்பவர், 1880-ல் அங்கே ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கினார். 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி, ‘இதைப் போல ஒன்று செய்ய முடியுமா?’ என்று கேட்க, பாபு செய்து கொடுத்தாராம். அதைத்தான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்கிறார்கள். அந்தக் கடற்கரை ஓரமாகவே பேக்கரிகள் ஊர் ஊராகப் பரவின. இன்று மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை, ஒரு பஸ் நிறுத்தம் இருந்தால் அங்கே ஒரு பேக்கரியும் இருக்கும்.

அண்ணாச்சியின் அடுப்பு

முக்கு பேக்கரி அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். விறகு அடுப்பை விடாமல் வைத்திருக்கும் சிலரில் ஒருவர். கேரளத்தில் ‘போர்மா’ என்பார்களே, அதே செங்கல் அடுப்பு. ரப்பர் விறகையும் சிரட்டையையும் உள்ளேயே போட்டு எரிப்பார். செங்கல் நன்றாகச் சூடு ஏறியதும் கங்குகளை வெளியே இழுத்துவிட்டு, ஈரச் சாக்கால் தரையைத் துடைப்பார். அதற்குப் பிறகு நெருப்பே கிடையாது. செங்கல் வாங்கி வைத்த சூட்டில்தான் எல்லாம். அதிகச் சூட்டில் பன்னும் பப்ஸும், கொஞ்சம் தணிந்ததும் கேக், இன்னும் தணிந்ததும் பிஸ்கட், கடைசியில் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்கக் காய்வது ரஸ்க்.

“டார்ட்டா? அப்படின்னா?” என்று கேட்டார். மகள் போனில் படத்தைக் காட்டினாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“இது மூடாத பப்ஸ்லா!”

எத்தனை சரியான விளக்கம்! மாவு அதேதான். உள்ளே வைத்து மூடினால் பப்ஸ், மேலே பரப்பினால் டார்ட்.

“நாளைக்குக் காலம்பற நாலு மணிக்கு வாங்க. மாவு மடக்குறதைப் பிள்ளை பாக்கட்டும்” என்றார்.

மே மாதத்தில் ஏன் அதிகாலை நான்கு மணி? அங்கேதான் இந்த மாவின் ரகசியம் இருக்கிறது. மைதா, உப்பு, குளிர்ந்த தண்ணீர் சேர்த்துப் பிசைந்த மாவைச் சதுரமாகத் தேய்த்து, நடுவில் கொழுப்பை வைத்து மூடுகிறார்கள். அதை நீளமாகத் தேய்த்து, பெட்டியில் வைக்கும் சேலையைப் போல மூன்றாக மடிக்கிறார்கள். ஆறவிட்டு மறுபடி தேய்த்து மறுபடி மூன்று மடிப்பு. முதல் முறை கொழுப்பு 3 அடுக்கு, அடுத்து 9, பிறகு 27, 81, 243. ஆறாவது மடிப்பில் 729 அடுக்கு! அடுப்பில் போனதும் மாவில் உள்ள தண்ணீர் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் தூக்கிவிடும். கொழுப்பு நடுவில் இருப்பதால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளாது. ஈஸ்ட், சோடா எதுவுமே இல்லாமல் இந்த மாவு உப்புவது இப்படித்தான்.

ஆனால், கொழுப்பு மடிக்கும்போதே உருகிவிட்டால் மாவோடு கலந்துவிடும், அடுக்கே இருக்காது. வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே உருகிவிடும். எங்கள் ஊர் மே மாத மதியமே கிட்டத்தட்ட அவ்வளவு சூடு. அதனால்தான் அதிகாலை வேலை. அதனால்தான் நம் பேக்கரிகளில் வெண்ணெய்க்குப் பதிலாக, எளிதில் உருகாத மார்ஜரின். கையில் மாவு ஒட்டாமல், நான்கே முறை மடித்து, அண்ணாச்சி சீட்டுக்கட்டு போல அடுக்கி வைத்தார். “வீட்டுக்குன்னா நாலு மடக்கு போதும் மக்ளே. கூடக்கூட மடக்குனா அடுக்கு நஞ்சு போவும்” என்றார்.

இவருக்குப் பிறகு இந்த அடுப்பு? “மவன் துபாய்ல இருக்கான். வரமாட்டான். நம்ம கை ஓடுத வரைக்கும் ஓடும்” என்றார், மாவைத் தேய்த்துக்கொண்டே. வருத்தமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னார்.

முதல் முயற்சி சொதப்பல்

மகளின் யோசனை இதுதான். ஆச்சி செய்யும் அவியலையே டார்ட் மேல் பரப்பிவிடலாம். ஆச்சியின் அவியல் என்றால் தயிர் கிடையாது; புளிப்புக்குக் கோடை மாங்காய். காய்களை விரல் நீளத்தில் நறுக்கி, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், சின்ன உள்ளி அரைத்து விட்டு, கடைசியில் பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும்.

“மைதாவுல அவியலா? யாரு திம்பா?” என்றார் அம்மா. ஆனாலும் செய்து கொடுத்தார்.

அடுப்பிலிருந்து வந்த டார்ட்டின் ஓரம் அழகாக உப்பியிருந்தது. நடுவில் கத்தி வைத்தால்... கூழ்! காயில் இருந்த தண்ணீரை எல்லாம் மாவு குடித்துவிட்டது. மகளின் முகம் விழுந்துவிட்டது. அண்ணாச்சி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, “ருசி கொள்ளாம். ஈரம்தான் பகை” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றும் சொல்லாமல் அம்மி முன்னால் உட்கார்ந்தார். “காயை வேவ வைக்காதே. உப்புப் போட்டு வச்சுப் பிழிஞ்சிரு. அரைப்பையும் தண்ணி விடாமத் துவையலாட்டு அரைக்கேன்.” மைதாவில் அவியலா என்று கேட்டவர்தான்! முப்பது வருடமாக மாங்காய் ஊறுகாய்க்கு உப்புப் போட்டுத் தண்ணீர் இறக்குபவருக்கு, டார்ட்டின் பிரச்னை சட்டென்று புரிந்துவிட்டது. பேத்தி நறுக்கினாள், ஆச்சி பிழிந்தார். நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே வயலில் கன்னிப்பூ சாகுபடிக்கு உழவு ஓடிக்கொண்டிருந்தது. அடுக்களையிலிருந்து இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. சென்னையில் என் ஃபிளாட்டின் சமையலறையில் அம்மா எங்கே உட்காருவார் என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே அம்மி வைக்க இடமில்லை.

இரண்டாவது முறை

மறுநாள் மாலை, பப்ஸ் எல்லாம் வெந்து இறங்கிய பிறகு எங்கள் தட்டு உள்ளே போனது. அரை மணி நேரம். வெளியே வந்தபோது ஓரம் பொன்னிறம், அடி மொறுமொறு, மேலே வழுதலங்காயும் தக்காளியும் லேசாகக் கருகி, கறிவேப்பிலை வாசனையோடு. கடைக்கு வந்த நாலைந்து பேருக்கும் துண்டு கிடைத்தது. பள்ளி விடுமுறையில் இருந்த ஒரு பையன் “அண்ணாச்சி, இது என்ன விலை?” என்று கேட்டே விட்டான்.

அம்மா ஓரத்துத் துண்டாக எடுத்தார். மென்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கொள்ளாம். தேங்கா இன்னும் கொஞ்சம் கூடி இருக்கலாம்.”

எங்கள் வீட்டில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

அன்று ராத்திரி அம்மா கேட்டார். “சென்னையில இந்த வழுதலங்கா கிடைக்குமா?”

“எல்லாம் கிடைக்கும்மா” என்றேன்.

“கிடைக்காது ஆச்சி” என்றாள் மகள். “கிடைச்சாலும் ஆப்ல வரும். அமுக்கிப் பாத்தெல்லாம் வாங்க முடியாது.”

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான்தான் கேட்டேன். “அம்மா, உண்மையைச் சொல்லுங்க. வர இஷ்டமா?”

“நீ தூங்காம இருக்கியே மக்ளே. அதுக்காவ வாறேன்.”

எனக்காகத்தான் வருகிறார்; அவருக்காக அல்ல. அந்தப் பதிலுக்குப் பிறகு அம்மாவின் டிக்கெட்டை ரத்து செய்தேன். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குளியலறைத் தரையை மாற்றி, சுவரில் பிடிமானக் கம்பி போட்டோம். ராத்திரி துணைக்குப் பக்கத்து வீட்டு அக்கா படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். தினமும் மாலை ஆறு மணிக்கு வீடியோ கால். போனை எடுக்கத் தாமதமானால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இன்னும் ஓரிரு வருடத்தில் இதே பேச்சு மறுபடி வரும் என்பதும் தெரியும். ஆனால், இந்தக் கோடையில் வீடு பூட்டப்படவில்லை.

நீங்கள் நாகர்கோவில் பக்கம் வந்தால் பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம் கோயில், தோவாளைப் பூச்சந்தை எல்லாம் பாருங்கள். அப்படியே காலையில் ஒரு நடை வடசேரி சந்தைக்கும் போய்வாருங்கள். மாலையில் ஏதாவது ஒரு முக்கு பேக்கரியில் நின்று சூடாக ஒரு பப்ஸ் சாப்பிடுங்கள். ஊருக்குத் திரும்பியதும் இந்த ‘மூடாத பப்ஸை’ முயன்று பாருங்கள்.

நாஞ்சில் அவியல் டார்ட்

தேவையானவை: பஃப் பேஸ்ட்ரி ஷீட் - 1 (சூப்பர் மார்க்கெட்டில் ஃப்ரீசர் பகுதியில் கிடைக்கும், தெரிந்த பேக்கரியில் கேட்டாலும் மாவு தருவார்கள்), சிறிய கத்திரிக்காய் - 2, வெண்டைக்காய் - 6, புடலங்காய் - ஒரு சாண் துண்டு, தக்காளி - 2, புளிப்பு மாங்காய் - பாதி, தேங்காய்த் துருவல் - அரை கப், சீரகம் - 1 டீஸ்பூன், பச்சை மிளகாய் - 2, சின்ன வெங்காயம் - 4, தேங்காய் எண்ணெய் - 2 டேபிள்ஸ்பூன், பால் - சிறிது, கறிவேப்பிலை, உப்பு - தேவையான அளவு.

செய்முறை: கத்திரிக்காய், புடலங்காய், தக்காளியை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்புத் தூவி 20 நிமிடம் வைக்கவும். கத்திரிக்காயையும் புடலங்காயையும் பிழியவும். தக்காளியைத் துணியில் ஒற்றி எடுக்கவும். வெண்டைக்காயை நீளவாக்கில் கீறி, கத்திரிக்காய், புடலங்காயோடு சேர்த்து ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் பெரிய தீயில் ஐந்து நிமிடம் வதக்கி ஆறவிடவும். மாங்காயை மெல்லிய குச்சிகளாக நறுக்கவும். தேங்காய், சீரகம், மிளகாய், வெங்காயம், சிறிது உப்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைக்கவும்.

பேஸ்ட்ரி ஷீட்டை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, மடிப்பு உடையாமல் விரிக்கும் அளவுக்கு இளகவிடவும். பேக்கிங் தட்டில் விரித்து, ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலம் விட்டு, கத்தியால் லேசாக ஒரு சட்டம் கீறவும். அடிவரை வெட்டிவிடக் கூடாது. சட்டத்தின் உள்பக்கம் முழுக்க முள்கரண்டியால் குத்திவிட்டால் நடுப்பகுதி உப்பாது, ஓரம் மட்டும் எழும்பும். நடுவில் அரைத்ததை மெல்லிசாகத் தடவி, காய்களை ஒரே வரிசையாக அடுக்கவும். மேலே மாங்காய், கறிவேப்பிலை, மீதி எண்ணெய். ஓரத்தில் பால் தடவி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம் சுடவும். அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால் பொன்னிறமாக இருக்க வேண்டும்.

கவனிக்க: காயை அடுக்கியதும் மாவு இளகிவிட்டால், தட்டோடு பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஓவனில் வைக்கவும். மாவு குளிர்ந்தும், ஓவன் நன்றாகச் சூடாகவும் இருந்தால்தான் அடுக்கு எழும்பும். குக்கரில் கேக் செய்கிற முறை இதற்குச் சரிவராது. மேலிருந்து சூடு படாததால் ஓரம் சிவக்காது. ஓவன் இல்லாதவர்கள் எங்களைப் போலப் பக்கத்து பேக்கரியில் கேட்டுப் பாருங்கள். மாலை வேலை முடிந்த நேரமாகப் போங்கள். முதல் துண்டை அடுப்புக்காரருக்குக் கொடுக்க மறக்காதீர்கள்!